டொரத்தியா லம்பேர்ட் சேம்பர்ஸ்: ஏழு பட்டங்களும் ஒரு தோல்வியும்

மாணவர்களே, டெனிஸ் விளையாட்டின் புள்ளி முறையை நீங்கள் கற்றிருப்பீர்கள். அதனை ஓர் உண்மையான போட்டியுடன் இணைத்துப் படித்தால் எளிதில் மறக்காது.

அறிமுகம்

டொரத்தியா டக்ளஸ் 1878 இல் இங்கிலாந்தின் ஈலிங் என்னும் இடத்தில் ஒரு மதகுருவின் மகளாகப் பிறந்தார். 1907 இல் திருமணமாகி லம்பேர்ட் சேம்பர்ஸ் எனப் பெயர் பெற்ற பின்னரும் விளையாட்டைக் கைவிடவில்லை. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் வென்றார்.

விம்பிள்டன் ஒற்றையர் பட்டங்கள்: 1903, 1904, 1906, 1910, 1911, 1913, 1914.

1919 இறுதிப் போட்டி

முதலாம் உலகப் போரினால் 1915 முதல் 1918 வரை விம்பிள்டன் போட்டிகள் நடைபெறவில்லை. அக்கால விதிப்படி முந்திய சம்பியன் ஆரம்பச் சுற்றுகளில் ஆடத் தேவையில்லை. ஏனையோருள் வெற்றி பெறுபவரை இறுதியில் எதிர்கொண்டாற் போதும். அவ்வாறு 1919 இல், இரு பிள்ளைகளின் தாயான 40 வயதுச் சேம்பர்ஸ், 20 வயதுப் பிரெஞ்சு வீராங்கனை சுசான் லெங்லெனைச் சந்தித்தார்.

முதலாவது செற்றை லெங்லென் 10–8 எனவும், இரண்டாவதைச் சேம்பர்ஸ் 6–4 எனவும் வென்றனர். மூன்றாவது செற்றில் 1–4 எனப் பின்தங்கிய சேம்பர்ஸ், 6–5 என முன்னேறி, அடுத்த கேமில் 40–15 என்ற நிலையை அடைந்தார். இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் எட்டாவது பட்டம்! அதற்கு அவருக்கு இரு வாய்ப்புகள் இருந்தன. முதல் வாய்ப்பில் லெங்லெனின் பந்து றக்கற்றின் சட்டத்திற் பட்டு, வலையைத் தாண்டி விழுந்தது. இரண்டாவது வாய்ப்பும் நழுவியது. ஈற்றில் லெங்லென் 9–7 என வென்றார்.

தோல்வியின் பின்

சேம்பர்ஸ் ஒதுங்கிவிடவில்லை. 1920 இல் ஆரம்பச் சுற்றுகளிலிருந்தே விளையாடி மீண்டும் லெங்லெனை எதிர்கொண்டு தோற்றார். 1925 இல், 46 வயதில், அமெரிக்காவுக்கு எதிரான வைட்மன் கிண்ணப் போட்டியில் ஒற்றையர் ஆட்டமொன்றை வென்றார். அப்போட்டியில் பிரித்தானியா 4–3 என வெற்றி பெற்றது. அந்த ஓர் ஆட்டம் இல்லையெனில் கிண்ணமும் இல்லை. 1928 இல் பயிற்றுநரானார். 1960 இல் காலமானார்.

நினைவிற் கொள்க

• ஒரு கேமை வெல்ல எதிராளியிலும் பார்க்க இரு புள்ளிகள் கூடுதலாகப் பெறவேண்டும். 40–15 இல் அடுத்த புள்ளியே போதுமானது.
• 1919 இல் டை பிரேக் முறை இல்லை. இரு கேம்கள் முன்னிலை பெறும்வரை செற் நீடித்தது.

பயிற்சி வினாக்கள்

1. 1919 இறுதிப் போட்டியில் மொத்தம் எத்தனை கேம்கள் ஆடப்பட்டன? (விடை: 18 + 10 + 16 = 44)
2. சேம்பர்ஸின் வாழ்விலிருந்து நீர் அறியும் விளையாட்டுப் பண்புகள் இரண்டினைச் சான்றுடன் எழுதுக.