உறையும் உள்ளீடும்

தமிழகத்தை விட்டுத் தில்லிக்கு வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில், ஊரில் நடைபெற்ற திருமணங்களையும் திருவிழாக்களையும் பதிவு செய்த வீடியோ நாடாக்களும் குறுந்தட்டுகளும் இன்றும் அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றி, வேண்டியவற்றை வெட்டிச் சேர்த்து, ஒரு படமாகத் தொகுக்க விழையும் அன்பர் பலர். அம்முயற்சியில் நாங்கள் பெற்ற அனுபவத்தை ஈண்டு உரைப்பது சிலருக்கேனும் பயன்படும் என நம்புகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் தந்தையாரின் சதாபிஷேகத்தை முன்னிட்டு, அரைமணி நேரப் படம் ஒன்றைத் தொகுக்க எண்ணினோம். 1998-இல் கும்பகோணத்தில் நடந்த என் திருமண வீடியோவில், அன்னையார் பேசிச் சிரிக்கும் காட்சி ஒன்று உண்டு. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய குரல் எங்களிடம் எஞ்சியிருப்பது அக்காட்சியில் மட்டுமே. நாடாவோ பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிட்டது. என் கைப்பேசியில் இருந்தது உறவினர் பலரிடம் கைமாறி வந்த பிரதி. அதனை மேலும் இருமுறை வடிவம் மாற்றித் தொகுத்து, தந்தையாருக்குக் காட்டினேன். அன்னையாரின் முகம் கட்டங்கட்டமாகச் சிதைந்திருந்தது; மூக்குத்தியைக் காணோம். "இது உன் அம்மாதானா?" என்று வினவினார் தந்தையார்.

பிழை எங்கே நேர்ந்தது? வீடியோக் கோப்பு இரு கூறுகளால் ஆயது. எம்.பி.4, எம்.கே.வி., எம்.ஓ.வி. என்பன வெறும் உறைகளே. உள்ளே ஒளியைச் சுருக்கி வைத்திருக்கும் முறை வேறு, எம்பெக்-2, எச்.264, எச்.265 என்பன அம்முறைகளின் பெயர்கள். கடிதத்தை ஓர் உறையினின்று எடுத்து வேறோர் உறையில் இட்டால் எழுத்து அழிவதில்லை. கடிதத்தையே சுருக்கித் திரும்ப எழுதினாலோ, ஒவ்வொரு முறையும் சில சொற்கள் விடுபடும். தொகுப்பு மென்பொருள் உறையை மட்டுமே ஏற்க மறுக்குமாயின், உறையை மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் அதனை விரைவில் செய்து தரும். நானோ அறியாமையால் கடிதத்தையே மீண்டும் மீண்டும் எழுதினேன்.

அங்ஙனமாயின் உள்ளீட்டை மாற்றவே கூடாதா? சில வேளைகளில் மாற்றத்தான் வேண்டும். நம் நாட்டுப் பழைய வீடியோவில் நொடிக்கு 25 படங்கள். சுருக்கும்போது ஒரு படத்தை முழுமையாக வைத்து, அடுத்து வருவனவற்றில் மாறுதலை மட்டுமே குறித்து வைக்கின்றனர். காண்பதற்கு இது நன்று, வெட்டுவதற்கு இடர். வெட்டும் இடந்தோறும் கணிப்பொறி முன்னும் பின்னும் தேடிப் படத்தைக் கட்ட வேண்டியிருப்பதால் திணறுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட புரோரெஸ், ஆவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகிய தொகுப்பு வடிவங்களில் ஒவ்வொரு படமும் தனித்து முழுமையாக நிற்கும். கோப்பின் அளவு மிகும். முழு எச்.டி. அளவில், ஒரு மணி நேரப் புரோரெஸ் 422 கோப்பு ஏறத்தாழ 55 ஜிகாபைட் இடங்கொள்ளும். வேலை முடிந்தபின் அதனை நீக்கிவிடலாம். ஆனால் இழந்த தெளிவை இவ்வடிவம் மீட்டுத் தராது. இருப்பதைக் காக்கும், அவ்வளவே.

நற்காலமாக, நாடா கெடுமுன் எடுத்த டிவிடி ஒன்று சென்னையிலுள்ள என் தமையனார் இல்லத்தில் அகப்பட்டது. அதன் எம்பெக்-2 கோப்பினின்று நேரே ஒருமுறை மட்டும் தொகுப்பு வடிவுக்கு மாற்றினோம். பழைய வீடியோவில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் தனித்தனியே பதிவாகியிருக்கும். அவற்றை முறையாக இணைக்காவிடில், அசையும் கை சீப்பின் பற்கள்போல் தோன்றும். அதனையும் சரிசெய்தோம்.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இவையே. மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். கைப்பேசிக் காட்சிகளில் நொடிக்குரிய படங்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டிருப்பதுண்டு. அதனால் உதட்டசைவும் ஒலியும் பிரியக்கூடும். சீரான வேகத்திற்கு மாற்றியபின் தொகுங்கள். உறவினருக்கு அனுப்பும் சிறிய பிரதியை இறுதியில் செய்யுங்கள். நாடா வைத்திருப்போர் தாமதியாதீர்கள். நாடா ஓட்டும் கருவிகளைச் செய்துவந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது.

விழா நாளன்று திரையில் மூக்குத்தி தெளிவாகத் தெரிந்தது. தந்தையார் அக்காட்சியை மும்முறை போடச் சொன்னார்.