குளிரிலும் வளரும் கிருமி

நாள் கடத்தி வருகிறவர்கள்

காய்ச்சலும் பேதியுமாக வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தால், ரப்பர் பேண்டு சுற்றி ஃபிரிட்ஜின் மூலையில் நாட்கணக்காகக் கிடந்த சாஸேஜ் பொட்டலத்தைப் பற்றி முதலில் எவரும் வாய் திறப்பதில்லை. ஓட்டல் பரோட்டாவின் மீது பழியைப் போட்டு, வீட்டில் மீந்த மாத்திரைகளையெல்லாம் விழுங்கி முடித்து, சரீரம் துவண்ட பின்னரே வைத்தியரை நாடுகிறார்கள்.

குளிர் கிருமியைக் கொல்லுமா?

கொல்லாது. குளிர் பெரும்பாலான கிருமிகளின் விருத்தியைத் தாமதப்படுத்துமேயன்றி அவற்றை நாசம் செய்வதில்லை. லிஸ்டீரியா என்னும் கிருமியோ 4 டிகிரி செல்சியஸிலும் மெல்லப் பெருகும், காற்று நீக்கி அடைத்த பொட்டலத்திலும் பெருகும், உறைய வைத்தாலும் மாளாது.

உப்பும் புகையும் ஏற்றிய இறைச்சிக்குப் பயமில்லை என்பது மற்றொரு பிரமை. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018ஆம் ஆண்டுகளில், போலனி என்ற மலிவான பதப்படுத்திய இறைச்சியின் வழியே பரவிய லிஸ்டீரியா ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்து, 200க்கும் அதிகமானோரின் உயிரைக் கொண்டுபோயிற்று; நோயுற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள்.

மோந்து பார்த்தோம், வாடை இல்லை என்பார்கள். வாடை எழுப்புவது ஒரு ஜாதிக் கிருமி. வியாதி கொடுப்பது பெரும்பாலும் வேறொரு ஜாதி. மஞ்சளும் எலுமிச்சையும் தடவினால் சுத்தமாகிவிடும் என்பதும் வீண் நம்பிக்கையே. பச்சைக் கோழியைக் குழாயடியில் அலம்புவதால் கிருமி ஒழிவதில்லை. தொட்டியிலும், பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்திலும் தெறிக்கிறது.

சுயவைத்தியம்

பழைய மருந்துச் சீட்டை நீட்டி வாங்குகிற செஃபிக்ஸிம் மாத்திரை லிஸ்டீரியாவை ஒன்றும் செய்யாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை. ரத்தம் கலந்த பேதியை மாத்திரை போட்டு நிறுத்துவதோ அதைவிட அபாயம். லிஸ்டீரியா நோய் உண்ட சில தினங்களிலும் தோன்றலாம், 70 நாள் கழித்தும் தோன்றலாம். கர்ப்பிணிக்கு இலேசான காய்ச்சலாகவே வந்து போகிற அது, வயிற்றிலுள்ள சிசுவின் பிராணனுக்கே உலை வைக்கும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில் அது புலப்படக்கூடும்.

கேட்டுக்கொள்வது

ஃபிரிட்ஜை 4 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். பச்சை இறைச்சியைக் கீழ்த்தட்டில் மூடி வையுங்கள். பிரித்த பொட்டலத்தை மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சாஸேஜானாலும் சலாமியானாலும் ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணுங்கள். மின்சாரம் நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், உள்ளிருந்த இறைச்சியை, விலையை எண்ணி மனம் நோகாமல் எறிந்துவிடுங்கள். கர்ப்பிணிகளையும் முதியோரையும் உடைய வீட்டாரை இரந்து கேட்கிறேன்: அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், மருந்துக் கடைக்குப் போகாமல் அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்து வாருங்கள்.