ஒரு ரொட்டியும் ஊர்க் கரங்களும்

உண்ண அமரும்போது ‘பிஸ்மில்லாஹ்’ கூறுகிறோம். உண்டு எழுந்ததும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று உணவளித்த இறைவனைப் புகழ்கிறோம். அந்த உணவு நம்மை வந்தடைய, அவன் எத்தனை மனிதர்களைக் காரணமாக்கி வைத்தான் என்பதைச் சிந்தித்திருக்கிறோமா?

சிந்தித்தவர்களில் ஒருவர் பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள். கி.பி. 1332இல் தூனிஸ் நகரில் பிறந்தவர். இளமையிலேயே கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தவர். அரசவைப் பதவியும் கண்டார், சிறைவாசமும் கண்டார். பின்னர், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் ஒதுங்கியிருந்து, 1377இல் ‘முகத்திமா’ என்னும் நூலை எழுதினார்.

ஒரு நாளைக்குரிய கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அவர். அதை அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட வேண்டும். இவற்றுக்கான கருவிகளையும் பாத்திரங்களையும் செய்யக் கொல்லரும் தச்சரும் குயவரும் வேண்டும். அதற்கு முன்னே, உழுது விதைத்து அறுத்துக் கதிரடிப்பவர் வேண்டும். தனியொருவன் இத்தனையையும் செய்து தன் வயிற்றைக் கழுவிக்கொள்ள இயலாது. ஆனால், பலர் ஒன்றுகூடி உழைத்தாலோ, அவர்களுக்குத் தேவையானதைப் போலப் பன்மடங்கு விளைகிறது!

சமுதாயங்களின் வாழ்க்கைநிலை வேறுபடுவதற்கு, அவை பிழைக்கும் வழி வேறுபடுவதே காரணம் என்று அவர் கண்டார். ஒட்டகம் வளர்ப்போர் பாலைவனத்தின் உட்பகுதிகளில் அலைந்து திரிகின்றனர். ஆடுமாடு மேய்ப்போர் மேய்ச்சல் நிலத்தைவிட்டு அவ்வளவு தொலைவு செல்வதில்லை. உழவர் ஓரிடத்தில் நிலைத்து வாழ்கின்றனர். நகரத்தாரோ கைத்தொழிலையும் வணிகத்தையும் நம்பியிருக்கின்றனர். எனினும், எவரும் தனித்து வாழ்வதில்லை. நாட்டுப்புறத்தார் பாலையும் கம்பளியையும் தோலையும் நகரத்துக்குக் கொண்டுவருகின்றனர். தம்மிடம் கிடைக்காத பொருள்களைப் பெற்றுத் திரும்புகின்றனர்.

கரங்கள் பெருகும் ஊரில் செழிப்பும் பெருகும் என்பதற்கு அவர் தரும் சான்று நெஞ்சில் நிற்பது. இன்றைய மொராக்கோவிலுள்ள ஃபாஸ் நகரில், ஹஜ்ஜுப் பெருநாளன்று யாசகர்கள் குர்பானிப் பிராணியின் விலையையே கேட்டு நின்றதை அவர் கண்டிருக்கிறார். அல்ஜீரியாவின் திலிம்ஸானில் இப்படிக் கேட்டிருந்தால் கடிந்து விரட்டியிருப்பார்கள் என்கிறார். ஃபாஸில் மக்களும் மிகுதி, உழைப்பும் மிகுதி. அதனால் அங்கே யாசகரின் நிலையும் உயர்ந்திருந்தது.

அத்தகைய செழிப்பு எப்போது அழிகிறது? உழைத்தவனிடமிருந்து அவன் உழைப்பின் பலன் பறிக்கப்படும்போது! மக்களைக் கூலியின்றி வேலை வாங்குவது, நாட்டைப் பாழாக்கும் கொடிய அநீதிகளில் ஒன்று என்று அவர் எச்சரிக்கிறார். ஏனெனில், ஏழைக்கு உழைப்பே முதல். அதைப் பறித்துவிட்டால் அவன் கரம் ஓய்ந்துவிடுகிறது; கரங்கள் ஓய்ந்தால் கடைத்தெரு வெறிச்சோடுகிறது; மக்கள் பிழைப்புத் தேடி வேறு நாடு செல்கின்றனர்; இறுதியில் அரசும் சரிகிறது.

அது அரசர்களுக்குச் சொன்னதுதானே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பெருநாள் உடுப்பைத் தைத்துத் தந்தவரிடம், ‘பெருநாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று தவணை சொல்கிறோமே! மதில் கட்டி முடித்த கொத்தனாரின் கணக்கில், இல்லாத குறை கண்டு பத்தைக் குறைக்கிறோமே! வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளம், மாதம் பிறந்து எத்தனை நாளில் அவர் கையில் சேர்கிறது? ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, முழு வேலையையும் வாங்கிக்கொண்டு, கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஹதீஸ் எச்சரிப்பதை மறக்கலாமா?

அடுத்த கவளத்தை எடுக்குமுன், அதற்குப் பின்னால் நிற்கும் கரங்களை நினைவில் கொள்வோம். அவற்றில் ஒன்றுக்கேனும் நாம் கடன்பட்டிருந்தால், இன்றைய ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் அதைத் தீர்த்துவிடுவோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கு அருள் புரிவானாக! ஆமீன்.