ஊற்று நீரில் வாழும் சிற்றுயிர்களும் மாடுகளின் குறட்டை நோயும்

தருமபுரி ஜில்லாவில் மலையடிவாரங்களிலுள்ள ஊற்றுகளும் சுனைகளும் கால்நடைகளுக்குப் பெரிதும் உதவுவன. அரூரை அடுத்த தீர்த்தமலையில் பாறையினின்று விழும் இராம தீர்த்தத்தை அறியாதார் இலர். இத்தகைய ஜலத்தில் வாழும் சிறு பிராணிகள் ஒவ்வொன்றும் தனக்குத் தக்க இடத்தையே நாடும். அவ்விடங்களை அறிவது மாடு வைத்திருப்போருக்கு மிகவும் பிரயோஜனமாம்.

பூமிக்குள்ளிருந்து வெளிப்படும் ஜலத்தில் பிராணவாயு பெரும்பாலும் குறைவு. அது கற்களில் மோதி ஓடுகையில் காற்றுடன் கலந்து பிராணவாயுவை ஏற்றுக்கொள்ளுகிறது. ஆகவே ஊற்றுக்கண்ணுக்குச் சற்றுக் கீழே, நிழலும் ஓட்டமும் உள்ள இடத்தில், கல்லைப் புரட்டினால் தட்டையான உடலுடன் கல்லை இறுகப் பற்றியிருக்கும் பூச்சிக் குஞ்சுகளையும், மணலைப் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டி வாழும் புழுக்களையும் காணலாம். இவை பலவகையாக மிகுந்திருப்பது, ஜலம் அசுத்தமின்றி ஓடுகிறது என்பதற்கு நல்ல அடையாளம். ஆயினும் இதனாலேயே அது குடிக்கத் தக்கதென்று கொள்ளலாகாது.

அதே ஜலம் கீழே குட்டையாகத் தேங்கி, பாசியும் அழுகிய இலையும் சேருமாயின், அங்கு வாழ்வன வேறு. சேற்றில் செந்நிறப் புழுக்களும், ஓரங்களில் தட்டையாகச் சுருண்ட ஓடுடைய நத்தைகளும் பெருகும். இந்நத்தை மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வல்லது. ஆகையால் பிராணவாயு குறைந்த ஜலத்திலும் பிழைக்கும். குட்டை வற்றினாலும் சேற்றில் புதைந்து சிலகாலம் உயிரோடிருக்கும்.

மாடுகளுக்குக் கேடு இந்நத்தையினாலேயே வருகிறது. மூக்கில் சதை வளர்ந்து, சளி ஒழுகி, குறட்டைச் சத்தத்துடன் மூச்சு விடும் நோய்க்குக் காரணம் ஒரு வகை இரத்தப் புழுவென்பதைச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் எம். ஏ. என். ராவ் கண்டறிந்து, 1933-ம் ஆண்டில் அதற்குப் பெயரிட்டார். நோயுற்ற மாட்டின் மூக்குச்சளியோடு முட்டைகள் ஜலத்தில் விழுகின்றன. அவற்றினின்று வெளிவரும் குஞ்சுகள் நத்தைக்குள் புகுந்து பெருகி, மீண்டும் ஜலத்தில் நீந்தி, அதில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்செல்லுகின்றன. எனவே மாடு குடிக்காமல் நின்றாலே போதும், நோய் பற்றும்.

இதைத் தடுக்கக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை:

1. ஊற்றுக்கண்ணில் மாடுகளை இறங்க விடாது முள்வேலி இடுதல்.

2. ஜலத்தை வாய்க்கால் அல்லது குழாய் வழியாகக் கல்தொட்டிக்குக் கொணர்ந்து, அங்கே மாடுகளுக்குக் காட்டுதல். தொட்டியை அடிக்கடி காலிசெய்து தேய்த்துக் கழுவவேண்டும்.

3. மிஞ்சும் ஜலம் தேங்காமல் ஓட வடிகால் வெட்டி, ஓரத்துப் பாசியை அகற்றுதல். நத்தை மிகுந்த குட்டைகளில் வாத்துகளை விடலாம். அவை நத்தையை விரும்பித் தின்னும்.

4. குறட்டை விடும் மாட்டைப் பொதுக் குட்டைக்கு ஓட்டாமல், கால்நடை மருத்துவரிடம் காட்டுதல்.

நத்தையைக் கொல்லவென்று ஊற்றில் மயில்துத்தம் கரைப்பது தகாது. மீனும் நல்ல பூச்சிகளும் அதனால் மடியும். ஊற்றுக்கண்ணருகே உள்ள கற்களையும் நிழல்மரங்களையும் அகற்றாமல், ஜலத்தை ஓட விடுவதே செலவில்லாத பாதுகாப்பாகும்.