துணிக்கு உதவாத சாயம்

மருதமுனையின் கைத்தறி ஒலி கல்முனைக் கரையோரத்தவர் எவருக்கும் புதியதன்று. அத்தறிகளில் ஏறும் நூலுக்குச் சாயமிடுவோர் எதிர்பார்ப்பவை இரண்டே. நிறம் கண்ணைக் கவர வேண்டும். வெயிலில் வெளுத்தல் ஆகாது. இவற்றுள் இரண்டாவதில் தோற்றுப்போன ஒரு சாயக் குடும்பம், இன்று சத்திரசிகிச்சை செய்வோருக்கு இன்னொரு கண்ணாக விளங்குகின்றது. அச்சாயங்கள் எவ்வாறு வடிவமைக்கப்படுகின்றன என்பதை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1856ஆம் ஆண்டு, பதினெட்டு வயதினரான வில்லியம் பேர்க்கின் இலண்டனிலே கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றார். கிடைத்ததோ ஊதா நிறச் சாயம். அதே ஆண்டில் கிறெவில் வில்லியம்ஸ் என்பார், கொயினா தரும் சிங்கோனாப் பட்டையிலிருந்து பெற்ற பொருளொன்றைக் கொண்டு அழகிய நீலச் சாயமொன்றை ஆக்கினார். அதுவே சயனைன். பேர்க்கினின் சாயம் துணிச்சந்தையை ஆண்டது. சயனைனோ வெயில் பட்டதும் வெளுத்தமையால் ஒதுக்கப்பட்டது. எனினும் ஒளியுடன் எளிதிற் கலந்துறவாடும் அதன் இயல்பு, பின்னர் அக்குடும்பத்தைப் புகைப்படத் தகடுகளுக்குப் பயன்படச் செய்தது. அங்கிருந்தே அது மருத்துவத்துட் புகுந்தது.

கொயினாக் கரைசலை வெயிலிற் பிடித்தால் மெல்லிய நீல ஒளி தோன்றும். கண்ணுக்குப் புலனாகாத கழியூதாக் கதிரை உண்டு, அதனினும் நீண்ட அலைநீளமுடைய ஒளியை அது உமிழ்கின்றது. இதற்குப் புளோரொளிர்வு என்று பெயர். 1852இல் இப்பெயரை ஆங்கிலத்தில் இட்டவர் ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர்.

உடலுக்குள்ளே ஒளிரும் சாயத்திற்கு நீல ஒளி உதவாது. இருட்டில் மின்சூளைக் கைவிரல்களால் மூடிப் பார்த்தால் காரணம் விளங்கும். வெண்ணிற ஒளியிற் சிவப்பே பெரும்பாலும் ஊடுருவி வருகின்றது. ஏனையவற்றைக் குருதியிலுள்ள ஈமோகுளோபின் விழுங்கிவிடுகின்றது. சிவப்பையும் கடந்து வெகுதூரஞ் சென்றால் உடலிலுள்ள நீர் ஒளியை விழுங்கும். இவ்விரண்டிற்கும் இடையே, ஏறத்தாழ 650 முதல் 900 நனோமீற்றர் வரை, ஒரு சாளரம் திறந்திருக்கின்றது. அதன் பெரும்பகுதி அண்மைச் செந்நிறக்கீழ்க் கதிருக்கு உரியது. நம் கண்ணுக்கு அது தெரியாது. தனிப்பட்ட ஒளிப்படக் கருவிக்குத் தெரியும்.

அச்சாளரத்திற்குச் சாயத்தைக் கொண்டு செல்வதெப்படி? வீணையின் தந்தி நீளச் சுருதி தாழ்வதை அறிவோம். சயனைன் மூலக்கூறின் நடுவே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் காபன் சங்கிலி உண்டு. அதனை இரு காபன் அணுக்களால் நீட்டும்போதெல்லாம், அது ஏற்கும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 100 நனோமீற்றர் கூடுகின்றது. ஆனால் நீண்ட சங்கிலி துவளும், ஒளியை உமிழாது வெப்பமாக வீணாக்கும், ஒளிபட்டுச் சிதையும். வில்லியம்ஸ் கண்ட பழைய குற்றம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆதலாற் சங்கிலியின் நடுவே ஒரு வளையத்தைப் பொருத்தி அதனை விறைப்பாக்குவர். நீரிற் கரையவும் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கவும் சல்போனேற்றுக் கூட்டங்களை இணைப்பர்.

புகைப்படத்திற்குப் பேர்பெற்ற கோடாக் நிறுவன ஆய்வுகூடத்தில் 1955இல் இந்தோசயனைன் பச்சை உருவாயிற்று. 800 நனோமீற்றரளவில் ஒளியை ஏற்று, 830 அளவில் உமிழும் அச்சாயம் குருதியோட்டத்தைக் காட்டுகின்றது. சில நிமிடங்களில் ஈரல் அதனைக் குருதியிலிருந்து அகற்றிவிடுகின்றது. ஆனால் புற்றுநோய்க் கலத்தைத் தானாக நாடிச்செல்ல அதற்குத் தெரியாது. எஞ்சிய சிறு துணுக்கொன்றே நோய் மீண்டும் தலைதூக்கப் போதுமாகையால், அக்குறை சிறியதன்று.

சாயத்திற்கு வழிகாட்டியொன்றைப் பிணைப்பதே அடுத்த படி. சூலகப் புற்றுநோய்க் கலங்கள் பலவற்றின் மேற்பரப்பிற் போலிக்கமிலத்திற்கான வாங்கிகள் மிகுதி. அமெரிக்காவின் பேடியூ பல்கலைக்கழகத்துப் பிலிப் லோ அவர்களின் ஆய்வு வழிவந்த பபொலாசயனைன், போலிக்கமிலத்தை ஒத்த பகுதியைத் தாங்கி அவ்வாங்கிகளைப் பற்றுகின்றது. சூலகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையிற் பயன்படுத்த 2021இலும், நுரையீரலுக்கு 2022இலும் அமெரிக்க அரசு அதற்கு அனுமதியளித்தது.

காட்டுதலோடு அழித்தலும் கைகூடியுள்ளது. கொபயாஷி என்னும் யப்பானிய அறிஞர், தலோசயனைன் இனச் சாயமொன்றைப் பிறபொருளெதிரியோடு இணைத்தார். 690 நனோமீற்றர் ஒளி பட்டதும், நீரிற் கரையவைக்கும் அதன் கிளைகள் அறுகின்றன; சாயம் திரண்டு, தான் பற்றிய கலத்தின் மென்சவ்வைக் கிழிக்கின்றது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இம்முறையை 2020இல் யப்பான் ஏற்றுக்கொண்டது. ஒளியாற் சிதைதல் இங்கு மருந்தாயிற்று! ஆயினும் மிகைபடக் கூறலாகாது. சாயத்தின் ஒளி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்தே தெளிவாக வரும். அதனினும் ஆழத்தே மறைந்திருப்பது மறைந்தே இருக்கும்.

ஒளிரும் மூலக்கூறுகளை வடிவமைக்கும் கலை நம் நாட்டவர்க்கு அயலானதன்று. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பயின்று பெல்பாஸ்ற் சென்ற பேராசிரியர் பிரசன்ன டி சில்வா, வாங்கி, இடைத்தொடுப்பு, ஒளிரும் பகுதி என மூன்றையும் கோத்து, குறித்த அயனைக் கண்டால் மட்டும் ஒளிரும் மூலக்கூறுகளை அமைத்தார். அம்முறையில் அமைந்தவை குருதியிலுள்ள சோடியம் முதலியவற்றை அளக்கும் கருவிகளில் இடம்பெற்றன.

நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் இரட்டைப் பிணைப்பைக் கீறும் மாணவர், அதனைப் பரீட்சைக்குரிய வெறுங்கோடென எண்ணாதிருப்பாராக. அக்கோடுகளின் எண்ணிக்கையிலேயே ஒரு சாயம் குருதியைக் கடந்து ஒளிர்வதும் ஒளிராதொழிவதும் தங்கியுள்ளன. விழாக் காணும் நம் கல்லூரி அன்னை, இத்துறையில் உழைக்கும் மக்களையும் ஈன்றெடுப்பாளாக.