நிரல் ஏடுகளும் பழைய கருவிகளும்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள காதங்கி என்னும் சிற்றூரில், 1,024 யாகி ஏரியல்களைக் கொண்ட ரேடார் ஒன்று 1990களின் தொடக்கம் முதல் இயங்கி வருகிறது. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அது மேல்நோக்கிச் செலுத்தும் அலைகள் காற்றின் கலக்கத்தால் சிதறி, மிக நலிந்த எதிரொலியாகத் திரும்புகின்றன. அதிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் வேகமும் திசையும் கணிக்கப்படுகின்றன.

ஏரியல் தருவது எதிரொலியே. வேகத்தைத் தருவது கணினி நிரல். இரைச்சலைக் கழிக்கும் விதியை மாற்றினால் விடையும் சிறிது மாறும். இத்தகைய நிலையத்தில் 1996இல் கிடைத்த விடையும் இன்றைய விடையும் வேறுபடின், மாறியது வானமா, கருவியா, நிரலா? அக்காலத்து நிரலைப் பாராமல் இதனைத் தீர்க்க இயலாது.

கிராமக் கணக்கில் பிழையான பதிவைச் சுரண்டி அழிப்பதில்லை. கோடிட்டுத் திருத்தி, கையெழுத்தும் தேதியும் இடுவர். நிரல்களுக்கு இத்தகைய ஏடாக 1972இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்டு எஸ்.சி.சி.எஸ். கருவியை அமைத்தார். வால்டர் டிக்கியின் ஆர்.சி.எஸ். பின்னர் வந்தது. அதன்மேல் எழுந்தது சி.வி.எஸ். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் இன்று பெருவழக்கில் உள்ளது.

எல்லாவற்றையும் கிட்டுக்கு மாற்றிவிட்டால் பழைய கருவி எதற்கு என்பர். மாற்றலாம், ஆனால் சி.வி.எஸ். ஒவ்வொரு கோப்பின் திருத்தத்தையும் தனித்தனியே பதிவது. ஒருவர் ஐந்து கோப்புகளைச் சேர்த்துத் திருத்தியிருப்பினும், அவை ஒரே திருத்தம் என்னும் செய்தி ஏட்டில் தெளிவாக இராது. மாற்றும் கருவியோ பெயர், குறிப்பு, நேரம் ஆகியவற்றின் ஒற்றுமை கண்டு அவற்றை ஊகித்தே இணைக்கிறது. ஊகம் பெரும்பாலும் சரியாகவே அமையும். எனினும் அது மூல ஏடன்று.

ஆதலின் மாற்றிய பின்னும் மூலத்தை, எழுத இயலாதவாறு பூட்டி, வாசிக்க மட்டும் விட்டுவைத்தல் நலம். அதற்குப் பழைய கருவி இன்றைய பணிச்சூழலிலும் இயங்க வேண்டும். எக்லிப்ஸ் போன்ற சூழல்கள் ஆதியில் சி.வி.எஸ். வசதியுடனேயே வந்தன, பயனாளர் குறைந்ததும் இத்தகைய இணைப்பைச் சுமையென்று கழிக்கும் எண்ணம் எழுவது இயல்பே. நல்லகாலமாக, சி.வி.எஸ்., ஆர்.சி.எஸ். இரண்டின் மூலநிரலும் வெளிப்படையாகக் கிடைப்பதால், புதிய கணினிக்கேற்பத் தொகுத்துக்கொள்ளலாம். ஆர்.சி.எஸ். ஏடு சாதாரண எழுத்துக் கோப்பு. கடைசிப் பிரதி முழுமையாகவும், முந்தையவை வேறுபாடுகளாகவும் அதில் இருக்கும். கருவியே இல்லாவிடினும் கடைசிப் பிரதியைக் கண்ணால் படித்துவிடலாம். மூடிய வடிவில் ஏடு வைக்கும் வணிகக் கருவிகளில் இவ்வசதி இல்லை.

பழைய கணினியை நிறுத்துமுன், பெயரிட்டுக் குறித்த பழைய பதிப்புகள் சிலவற்றைப் பழைய ஏட்டிலிருந்தும் புதியதிலிருந்தும் எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வேறுபாடு காணின், இரண்டும் இயங்கும் நிலையிலேயே அதன் காரணத்தைத் தேட முடியும்.