ஆடு மேயும் கோல்ப் மைதானம்

கோல்ப் மைதானம் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும்? பெரிய நிலத்தை வளைத்து வேலி போட்டு, ஓயாமல் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் புல்வெளி. ஆடு நுழைந்தால் காவலாளி கம்போடு வருவார். ஸ்காட்லாந்தின் வடக்கே, சதர்லாந்து பகுதியில் உள்ள புரோரா என்ற கடலோர ஊரில் கதையே வேறு. அங்கே மைதானத்துக்குள் செம்மறி ஆடுகளும் மாடுகளும் மேய்கின்றன. ஆட வந்தவர்தான் அவை நகரும் வரை காத்திருக்க வேண்டும்.

கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டு நிலம் அது. இத்தகைய நிலத்தை அங்கே 'லிங்க்ஸ்' என்பார்கள். உப்புக்காற்று, சத்தில்லாத மணல், உழுது பயனில்லை. ஆனால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். இலை மெலிந்த ஃபெஸ்கியூ, பென்ட் வகைப் புற்கள் தாமாகவே வளரும். ஆடு கடிக்கக் கடிக்க அவை தரையோடு அடர்ந்து நிற்கும். புல் வெட்டும் இயந்திரம் வருவதற்கு முன், இந்த மைதானங்களில் அந்த வேலையைச் செய்தவை ஆடுகளும் முயல்களும்தான்.

புரோரா சங்கம் 1891-ல் தொடங்கியது. இன்றுள்ள அமைப்பு 1923-ல் ஜேம்ஸ் பிரெய்ட் வகுத்தது. பிரிட்டனின் ஓபன் பட்டத்தை 5 முறை வென்றவர். மண்ணைப் புரட்டிப் போடாமல், மேடு பள்ளங்களை இருந்தபடியே பயன்படுத்தினார். பாதி ஆட்டம் கடலோரமாகப் போய், மறுபாதி உள்பக்கமாகத் திரும்பும். குறைந்த தூரக் குழிகள் 4. ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்தது. காற்று எங்கிருந்து அடித்தாலும் ஏதாவது ஒன்று ஆளைச் சோதிக்கும்.

குழியைச் சுற்றியுள்ள மென்புல் திட்டுக்கு மட்டும், தாண்டிப் போகும் உயரத்தில் மின்வேலி. இது நொடிக்கு ஒரு முறை போல, கண நேரத் துடிப்பாக மின்சாரம் விடும் கருவியால் இயங்குவது. கால்நடை மிரண்டு விலகும், உயிர் போகாது. நீங்கள் வேலி போட நினைத்தாலும் இந்தக் கருவிதான் வேண்டும். மோட்டார் இணைப்பிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது ஆளைக் கொல்லும், சட்டப்படி குற்றமும்கூட.

ஆடுகளை ஏன் விரட்டவில்லை? அந்த நிலத்தில் மேய்க்கும் உரிமை, 'கிராஃப்டர்' எனப்படும் சிறு குத்தகை விவசாயிகளுடையது. இதே சதர்லாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை நிலவுடைமையாளர்கள் ஊரோடு வெளியேற்றினார்கள். நெடும் போராட்டத்துக்குப் பின் 1886-ல் வந்த சட்டம்தான், வாடகை ஒழுங்காகக் கட்டும்வரை நிலத்தைவிட்டு இறக்க முடியாது என்ற பாதுகாப்பைக் கொடுத்தது.

சாணம், புழுக்கை தொந்தரவு என்று ஆட வருபவர்களில் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. பந்து சாணத்தில் விழுந்தால் எடுத்துத் துடைத்து, தண்டனைப் புள்ளி இல்லாமல் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று சங்கமே உள்ளூர் விதி வைத்திருக்கிறது.